பதிவேட்டில் அண்ணன் பெயர்

மலைப் பள்ளிகளுக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, உட்காருங்கள். பாடம் எப்படி நடத்துவது என்று நான் சொல்லப் போவதில்லை. பயிற்சிப் பள்ளியில் அதற்காக உங்களை இரண்டு வருஷம் வறுத்தெடுத்திருப்பார்கள். நான் பேசப் போவது வருகைப் பதிவேட்டைப் பற்றி. அங்கே சிரிக்கிறது யார்? வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் சிரித்தவன்தான்.

ஒரு பையன் இன்று வருவான், நாளை வரமாட்டான், மறுநாள் வந்து நிற்பான். நீங்கள் பட்டையாக ஒரு கோடு போட்டுவிட்டு, "இந்த மலைக்காரங்களே இப்படித்தான், படிப்பு மேல அக்கறையே இல்ல" என்பீர்கள். என் காதுபடவே சொல்லியிருக்கிறீர்கள். நான் அந்த மலைக்காரன். கோடு போடுவதற்கு முன்னால் என் வீட்டுக் கதையைக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

நெல்லிவாசல்நாட்டில் ஒரு சின்ன ஊர். எழுபதுகளின் தொடக்கம். எங்களுக்கு மூன்று ஏக்கர் சரிவு நிலம், அதில் பாதி பாறை. சாமையும் கேழ்வரகும் போடுவோம். வீட்டில் பிள்ளைகள் ஒன்பது பேர். அண்ணன் கோவிந்தன் நாலாவது. நான் ஐந்தாவது, பெயர் ஆண்டி. எங்கள் இருவருக்கும் ஒன்றரை வயதுதான் வித்தியாசம். அம்மா ஒருவனைக் கூப்பிட வேண்டுமென்றால் மேலிருந்து ஆரம்பித்து நாலைந்து பெயரை உருட்டிவிட்டு, "அடச்சே, எவன்டா நீ?" என்று நம்மிடமே கேட்பாள்.

அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் முறை உண்டு. நாலு பேருக்கு ஒரு கம்பளி. நடுவில் படுப்பவனுக்குக் கதகதப்பு, ஓரத்தில் படுப்பவனுக்கு மார்கழிக் குளிர். அதனால் தினம் ஒவ்வோர் இடமாகத் தள்ளிப் படுப்போம். சட்டியின் அடியில் ஒட்டிய காந்தலைச் சுரண்டித் தின்பதற்கு முறை. எங்களிடம் ஒரு மாடு, மாமா வீட்டில் ஒரு மாடு. இரண்டையும் பூட்டி ஒரு நாள் அவர்கள் நிலம், ஒரு நாள் எங்கள் நிலம் என்று உழுவார்கள். முறை யாருடையது என்று நாங்கள் மண்டையை உடைத்துக்கொண்டதுண்டு. முறையே வேண்டாம் என்று ஒருவரும் சொன்னதில்லை. எதுவும் இரண்டாக இருந்து நாங்கள் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

ஊரில் ஓராசிரியர் பள்ளி ஒன்று இருந்தது. வாத்தியார் கலசப்பாக்கம் பக்கத்துக்காரர். திங்கட்கிழமை ஒரு பையோடு நடந்தே ஏறி வருவார், சனிக்கிழமை இறங்கிப் போவார். பிள்ளை சேர்க்க ஒரு நாள் எங்கள் வாசலுக்கும் வந்தார். அப்பாவுக்குச் சட்டை போட்ட எவரைக் கண்டாலும் பயம்.

"ஒம்போது கெடக்குதுங்க. ஒண்ணு எடுத்துக்கோங்க" என்று அண்ணனை முன்னால் தள்ளினார், ஆட்டுக்குட்டி கொடுப்பதுபோல.

"இதோ இவனும் வயசுப் பையன்தானே? ரெண்டு பேரையும் அனுப்புங்களேன்" என்றார் வாத்தியார், என்னைக் காட்டி.

"ரெண்டு பேரும் போய்ட்டா ஆடு யாருங்க ஓட்றது? கொல்லையில கெளி வந்து குந்திக்குனா யாருங்க வெரட்றது?"

அப்படித்தான் பதிவேட்டில் 'கோவிந்தன்' என்று ஒரு பெயர் மட்டும் ஏறியது. பத்து நாள் போனான். அதற்குள் களையெடுப்பு வந்துவிட்டது. அண்ணன் கை வேலைக்குப் பழகிய கை, வீட்டில் நிறுத்திக்கொண்டார்கள். அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. பள்ளியில் மத்தியானம் ஒரு வேளைச் சோறு போடுவார்கள்.

"அவன் எடம் சும்மாதானே கெடக்குது? ஆண்டி, நீ போ. கோவிந்தன்னு கூப்ட்டா உள்ளேன்னு சொல்லு" என்றாள்.

போனேன். சொன்னேன். வாத்தியார் நிமிர்ந்து பார்த்தார்.

"நீ யாருடா? நேத்து வந்தவன் எங்க?"

"அவன் மொற முடிஞ்சிட்சு சார். இன்னிக்கு என் மொற."

மனிதர் இருமல் வரும்வரை சிரித்தார். சாயங்காலமே வீட்டுக்கு வந்து, இன்னொரு பெயரையும் எழுதிக்கொள்கிறேன் என்றார். அப்பா மசியவில்லை. "ரெண்டு பேர எழுதிக்கினா ரெண்டு பேரும் தெனமும் வரணும்பீங்க. இப்ப இன்னாங்க கொறஞ்சு போச்சு? எடம் காலியா இல்லியே" என்றார். 'சரி, எப்படியோ இரண்டு பேர் படிக்கிறார்களே' என்று வாத்தியாரும் விட்டுவிட்டார். தங்கமான மனசு அவருக்கு. பேனாதான் கொஞ்சம் சோம்பேறி. அந்தச் சோம்பலுக்கு யார் என்ன விலை கொடுத்தார்கள் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

ஐந்து வருஷம் ஒரு சிலேட்டு, ஒரு சட்டை, ஒரு பெயர். ஒரு நாள் அவன், ஒரு நாள் நான். போனவன் வந்ததும், போகாதவனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இல்லையென்றால் மறுநாள் வாத்தியார் கேள்வி கேட்கும்போது திருதிருவென்று விழிக்க வேண்டியதுதான். சாமைக் கொல்லையில் பரண்மேல் உட்கார்ந்து, நடுநடுவே கிளியை விரட்டிக்கொண்டே சொல்லிக்கொடுப்பான் அண்ணன். எனக்கு ஏறவில்லையென்றால் நடுமண்டையில் ஒரு குட்டு விழும். அவனுக்குக் கணக்கு கரும்புபோல. எனக்குச் செய்யுள் நன்றாக வரும். வகுத்தல் நடத்திய அன்று அவன் முறை, பின்னம் நடத்திய அன்று என் முறை. எங்கள் இருவரையும் சேர்த்துக் கட்டினால் முழுசாக ஒரு மாணவன் தேறுவான். ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: இருவரில் கெட்டிக்காரன் அவன்தான். வாத்தியாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஐந்தாம் வகுப்பு முடியும் சமயம். அன்று என் முறை. மணி அடித்ததும் வாத்தியார் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"நாளைக்கு ஜமுனாமரத்தூர்ல இருந்து ஒரு அதிகாரி வர்றாரு. தங்கிப் படிக்கிற பள்ளிக்குப் பிள்ளைங்கள எடுக்கப் போறாரு. நீயும் ஒங்கண்ணனும் ரெண்டு பேருமே வாங்க. நான் பேசிக்கிறேன். வீட்ல சொல்லிடு, தெரிஞ்சுதா?"

தலையாட்டினேன். வீட்டுக்கு நடந்த அந்தக் கால் மணி நேரம் இருக்கிறதே, இன்றுவரை அது எனக்கு முடியவில்லை. வாத்தியார் 'ரெண்டு பேருமே' என்று சொன்னது என் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. கம்பளி ஒன்று, சிலேட்டு ஒன்று, சட்டை ஒன்று. விடுதியில் மட்டும் இடம் இரண்டா இருக்கும்? ஒன்றுதான் இருக்கும். ஒன்று என்றால் அது கெட்டிக்காரனுக்குத்தான் போகும். விடுதி என்றால் தினமும் மூன்று வேளைச் சோறு, தனிக் கம்பளி. மறுநாள் அண்ணன் முறை.

வீட்டில் நான் எதையும் சொல்லவில்லை. அண்ணனிடம் போய், "நாளைக்கும் நானே பள்ளிக்கூடம் போறேன்ணா, நீ ஆடு ஓட்டிக்கோ" என்றேன்.

"எதுக்குடா?"

"சும்மாதான்."

"சும்மா எல்லாம் மொறய வுடமாட்டேன். இன்னா குடுப்ப?"

"ஒரு வாரம் கம்பளியில நடு எடம் நீயே படுத்துக்கோ."

அவனுக்கு அப்படி ஒரு சந்தோஷம். "ஒரு வாரமா? பேச்சு மாறக் கூடாது" என்று என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டான்.

மறுநாள் அதிகாரி வந்தார். தனியாக நின்ற என்னைப் பார்த்ததும் வாத்தியாரின் முகம் மாறிவிட்டது.

"எங்கடா அவன்?"

"காய்ச்சல் சார்."

அதிகாரி பதிவேட்டைப் புரட்டினார். இரண்டு செய்யுள் சொல்லச் சொன்னார், சொன்னேன். "பேரு?" என்றார். "கோவிந்தன் சார்" என்றேன். அது பொய் என்றுகூட அப்போது தோன்றவில்லை. ஐந்து வருஷமாக அந்தக் கட்டடத்துக்குள் என் பெயர் அதுதான். என் பெயருக்கு, அதாவது அண்ணன் பெயருக்கு, இடம் எழுதினார். பிறகு வாத்தியாரைப் பார்த்து, "ரெண்டு பேர் இருக்காங்கன்னு சொன்னீங்களேன்னு ரெண்டு எடம் வச்சிருந்தேன். நான் இன்னிக்கே கெளம்பணும். சரி விடுங்க, இன்னொண்ண வேற ஊர்ல பாத்துக்கறேன்" என்றார்.

அண்ணன் எதிர்ச் சரிவில்தான் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தான். அவன் ஆடுகளை அதட்டும் குரல் பள்ளிக்குள்ளேயே கேட்டது. வாசலில் நின்று ஒரு சத்தம் கொடுத்திருந்தால் ஓடி வந்திருப்பான். ஆனால் காய்ச்சலில் கிடப்பவனை ஆட்டுக்குப் பின்னாலிருந்து எப்படிக் கூப்பிடுவது? முதல் பொய் என் வாயைப் பொத்திவிட்டது. நின்றேன். அதிகாரி பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதிகாரி திடீரென்று வந்தார், வந்த நேரம் பள்ளியில் இருந்தவன் இவன் என்றுதான் வீட்டில் எல்லாரும் நம்பினார்கள். நான் முறையைக் கேட்டு வாங்கியது தற்செயல் என்று அண்ணனும் நம்பினான். காய்ச்சல் விஷயத்தை வாத்தியார் வீட்டில் வந்து கேட்கவில்லை. சரியாக அந்தக் கோடையில் அவரை மாற்றிவிட்டார்கள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அவர் எங்கள் வாசலுக்கு வந்திருந்தால் போதும், குட்டு உடைந்திருக்கும்.

என் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஜமுனாமரத்தூர்வரை என்னோடு நடந்து வந்தவன் அண்ணன்தான். பள்ளி வாசலில் மூட்டையை என் கையில் கொடுத்துவிட்டு, "நல்லாப் படிடா. எம்பேர கெடுத்துடாத" என்றான். கேலிக்குத்தான் சொன்னான். சொல்லிவிட்டு அவனே சிரித்தான். வந்த வழியே தனியாகத் திரும்பி நடந்தான். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. விடுதியில் முதல் நாளே தனிக் கம்பளி கொடுத்தார்கள். அதில் நடுவும் இல்லை, ஓரமும் இல்லை. எனக்குத் தூக்கம் வரவில்லை.

பிறகு குடும்ப அட்டை எழுத ஆள் வந்தபோது அப்பா சொன்னாராம்: "கோவிந்தன் ஜமுனாமரத்தூர்ல படிக்கிறானுங்க. இங்க இருக்கறவன் ஆண்டி." காகிதத்தில் எல்லாம் ஒத்துப்போக வேண்டுமே என்ற பயம் அவருக்கு. அன்றிலிருந்து அண்ணன் தலையில் என் பெயர். வீட்டுக்குள் மட்டும் பழையபடி அவன் கோவிந்தன், நான் ஆண்டி. பதிவேட்டில் இருந்த வயதும் அவனுடையதுதான். அதனால் அரசாங்கம் என்னை ஒன்றரை வருஷம் முன்னதாகவே மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டது. எனக்கு இது வேண்டியதுதான்.

எண்பதுகளில் பயிற்சி முடித்து எனக்கு வாத்தியார் வேலைக்கு உத்தரவு வந்தது. கொல்லையில் புளி உலுக்கிக்கொண்டிருந்த அண்ணனிடம் எடுத்துக்கொண்டு ஓடினேன். அவன் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, தானே படித்தான். முகமெல்லாம் பல். "யம்மா! எம்பேருக்கு வேல வந்துட்சு!" என்று வீட்டைப் பார்த்துக் கத்தினான். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. அங்கேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வாத்தியார் சொன்னது, கம்பளிப் பேரம், காய்ச்சல், அந்த இரண்டாவது இடம்.

கதைகளில் வரும் அண்ணனாக இருந்தால் தோளில் தட்டிக்கொடுத்திருப்பான். என் அண்ணன் அப்படிச் செய்யவில்லை. உத்தரவைப் பத்திரமாக மடித்து என் சட்டைப் பையில் வைத்தான். "ரெண்டு எடமா இருந்துச்சு?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"ஆமாண்ணா."

மரத்தில் ஏறிவிட்டான். அன்றிலிருந்து மூன்று வருஷத்துக்குமேல் என்னோடு ஒரு வார்த்தை இல்லை. ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவான், ஆனால் பேச்சு அம்மா வழியாகத்தான். "ஒம்புள்ளைய அந்தத் தண்ணிச் செம்ப இப்டி தள்ளச் சொல்லு" என்பான். செம்பு என் முழங்காலுக்குப் பக்கத்தில் இருக்கும். அம்மாவும் சளைக்காமல், "ஆண்டி, செம்பத் தள்ளுவியாம்" என்பாள்.

முதலில் வேறொரு குக்கிராமத்தில் எனக்கு வேலை. அங்கே போன முதல் மாசமே ஒரே பெயரில் முறை வைத்து வந்த அக்கா தங்கையைப் பிடித்தேன். திட்டவில்லை. அன்றே அவர்கள் வீட்டுக்கு நடந்து போய்ப் பதிவேட்டில் இரண்டு பெயரையும் ஏற்றினேன். பாதி நாள்தான் வருவார்கள் என்றால் வரட்டும், பெயர் முழுசாக இருக்கட்டும் என்று அவர்கள் அப்பனிடம் சொன்னேன். வருகை குறைவு என்று மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். வாங்கிக்கொள்ளுங்கள், ஒன்றும் ஆகாது. இன்னொன்று: எந்தச் சேதியையும் பிள்ளையிடம் சொல்லி அனுப்பியதில்லை. ஒன்பது பேரில் ஒருவனாக வளரும் பிள்ளையின் கையில் ஒரு நல்ல சேதியைக் கொடுத்து, வீட்டில் போய்ப் பங்கு வை என்றால் அது எப்படி வைக்கும்? நீங்களே நடந்து போங்கள். கால் வலித்தால் வலிக்கட்டும்.

பிறகு எனக்கு எங்கள் ஊர்ப் பள்ளிக்கே மாற்றல் கிடைத்தது. அதே கட்டடம், அதே சரிவு. ஜூன் மாசம் சேர்க்கை நடந்துகொண்டிருந்தது. காலையில் அண்ணன் தன் மூத்த மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றான். குழந்தைக்குத் தலை வாரிப் பூ வைத்திருந்தது. சட்டை பாவாடை அவளுக்கென்றே தைத்தது. துண்டில் சுற்றி வைத்திருந்த குடும்ப அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தான். வகுப்பில் இருபது பிள்ளைகள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

குழந்தையின் பெயரை எழுதினேன். அடுத்த கட்டம் தகப்பன் பெயர். அட்டையைப் பார்த்தேன், 'ஆண்டி' என்று இருந்தது. பேனாவை வைக்கப் போனேன். அண்ணன் பதிவேட்டின்மேல் கையை வைத்தான். புளிக் கறை இன்னும் போகாத கை.

"இன்னா எழுதப் போற?"

மூன்று வருஷத்துக்குப் பிறகு என்னிடம் நேராக வந்த முதல் பேச்சு.

"கார்டுல இருக்கறதத்தான்ணா..."

"அது ஒம்பேரு. எம்பேர எழுது."

அந்த வாரம்தான் மேலதிகாரி வந்து பதிவேட்டையும் அட்டையையும் ஒத்துப் பார்ப்பதாக இருந்தது. அட்டையில் ஒரு பெயர், பதிவேட்டில் இன்னொரு பெயர், அதுவும் வாத்தியாரின் பெயரே. ஏன் என்று ஒரு கேள்வி கேட்டு நூலைப் பிடித்து இழுத்தால், நான் யார், யார் பெயரில் படித்தேன், யார் பெயரில் வேலை பார்க்கிறேன் என்று எல்லாம் வெளியே வந்துவிடும். வேலை போய்விடும். அப்போது எனக்குக் கல்யாணம் ஆகி ஆறு மாசம். கடைசியில் அந்த அதிகாரி வந்து இரண்டு பக்கம் புரட்டி, டீ குடித்துவிட்டுப் போனார் என்பது வேறு விஷயம். பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தபோது அது எனக்குத் தெரியாது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அட்டையில் உள்ளதையே எழுதிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். சட்டமும் என் பக்கம்தான் இருந்தது.

அண்ணன் கையை எடுத்துக்கொண்டான். வற்புறுத்தவில்லை. காத்திருந்தான்.

எழுதினேன். கோவிந்தன் என்று, நிறுத்தி, தெளிவாக.

அவன் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். விரலை அடியில் வைத்து, எழுத்து எழுத்தாக, வாய்விட்டு வாசித்தான். ஒரு தரம் வாசித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து வாசித்தான். பிறகு மகளைத் தூக்கி அவளுக்கும் காட்டினான். அவளுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. ஆனாலும் தலையாட்டினாள்.

அட்டையை மறுபடி துண்டில் சுற்றிக்கொண்டு வாசல்வரை போனவன் திரும்பி, அத்தனை பிள்ளைகளுக்கும் கேட்கிற மாதிரி கூப்பிட்டான்.

"டேய் ஆண்டி! நாளைக்கு இன்னா நேரத்துக்குடா இவள இட்டாரணும்?"

"ஒம்போது மணிக்குண்ணா" என்றேன்.